கண்ணாடிக்கு வெளியே ஒரு வருடம்

செய்தி வந்தபோது அவள் மூன்றாம் நம்பர் கவுன்டரில் நின்று, கண்ணுக்குச் சொட்டு மருந்து எப்படி விடுவது என்று ஒரு பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். தலையை அண்ணாந்து வைக்க வேண்டும், கீழ் இமையை லேசாக இழுக்க வேண்டும், ஒரே ஒரு சொட்டு. வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. கவுன்டரில் போனை எடுத்துப் பார்க்கக் கூடாது என்பது விதி. பார்த்துவிட்டாள். முதல் வரியிலேயே 'தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்று இருந்தது.

"ஒரே ஒரு சொட்டு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஒரே ஒரு சொட்டு" என்று மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவையும் அவள் அதையே ஆரம்பித்தபோது பெரியவர் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு, "புரிஞ்சிடுச்சும்மா. எனக்கு ஒரு சொட்டுதான். உங்க கண்ணுலதான் ரெண்டு மூணு நிக்குது" என்றார்.

பதினாறு வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவள் அவள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'நில்லுங்க அக்கா' என்று பெயர். மருந்தை வாங்கிய கையோடு விளக்கம் கேட்காமல் நடையைக் கட்டுகிறவர்களை, கண்ணாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகவே "நில்லுங்க!" என்று ஒரு போடு போடுவாள். எதிரே எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருப்பவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரல் எடுபடாத இடம் ஒன்றே ஒன்றுதான். மருந்துச் சீட்டில் ஏதாவது இடறினால் அவள் வார்டுக்குப் போன் போடுவாள். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த அளவு தாங்குமா? இந்த இரண்டு மாத்திரையும் ஒன்றாகப் போகலாமா? மறுமுனையில் எப்போதும் ஒரே பதில்: "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு." பதினாறு வருடமாக டாக்டர் ரவுண்ட்ஸிலேயே இருந்தார். ரவுண்ட்ஸ் என்பது ஏதோ கப்பலேறிப் போகவேண்டிய தூர தேசம் போல அவளுக்குத் தோன்றத் தொடங்கியது. அந்த தேசத்தை ஒருநாள் பார்த்தே தீருவது என்று முடிவு கட்டினாள்.

மாலைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்து மேற்பட்டம் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் இந்த ரெசிடென்சிக்கு விண்ணப்பம் போட்டது. மருந்தாளுநர்கள் மேற்படிப்பு முடித்துவிட்டு, ஒரு வருடம் முழுக்க வார்டு வார்டாகச் சுற்றி, டாக்டர்களோடு படுக்கையருகே நின்று பழகும் பயிற்சி. டாக்டர்களுக்கு அது எப்போதிருந்தோ உண்டு. மருந்தாளுநர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் அப்போதுதான் இரண்டாவது வருடம். இடம் நான்கு. எழுதியவர்கள் நூறுக்கு மேல். நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த பெண், "ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள போயிருக்காளா?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு ஸ்கூல்ல இருக்கா கண்ணு. உள்ள போகப்போறது நான்தான்" என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

அன்று வீட்டுக்கு நடந்து போனாளா பறந்து போனாளா என்று அவளுக்கே தெரியாது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகத்திலிருந்து கிரீஸ் போகாத மனிதர். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"ஒரு வருஷம் படாதபாடு படணும்ங்க. ஞாயித்துக்கிழமைகூட சில நாள் போகவேண்டி வரும். நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? மேல போகணும்னு வந்து நிக்கிறவங்களுக்கு வழி பண்ணிவிடுறதுதானே என் தொழிலே!"

பதினொரு வயது மகளுக்கு வேறு கவலை. "அம்மா, உனக்கும் ஹோம்வொர்க் குடுப்பாங்களா?"

"மூட்டை மூட்டையா."

"அப்போ டேபிள்ல ஜன்னல் பக்கம் என்னோடது. இப்பவே சொல்லிட்டேன்."

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் அவளுடைய அக்கா மட்டும் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நாப்பது தாண்டினதுக்கு அப்புறம் எவளாவது பழகுறதுக்குன்னு வேலைக்குப் போவாளா? எங்கேயாவது கேட்டிருக்கியா?"

"இப்ப கேட்டுட்டல்ல? ஒருத்தி போறா."

முதல் நாளே ஒரு சிக்கல். அவளுக்குப் பயிற்சியாளராக வாய்த்தவளுக்கு இருபத்தொன்பது வயது. மெலிந்த உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி, பையில் நான்கு நிறத்தில் பேனா. வெளியூரில் ரெசிடென்சி முடித்துவிட்டு வந்தவள்.

"வாங்க அக்கா" என்றாள் சின்னவள்.

"ஐயோ, அக்கான்னு சொல்லாதீங்க மேடம்."

"மேடமா? நான் பிறந்தப்போ நீங்க ஏழாங்கிளாஸ் அக்கா."

"அதுக்காக? மார்க் போடப்போறது நீங்கதானே மேடம்."

கடைசியில் வார்டுக்குள் இருவரும் ஒருவரையொருவர் எப்படியும் கூப்பிடுவதில்லை, டீ குடிக்கப் போனால் அவரவர் இஷ்டம் என்று உடன்பாடு ஆனது.

முதல் ரவுண்ட்ஸ் பெரிய சறுக்கல். எக்ஸ்ரே வாசல்வரை கேட்கும் அந்தக் குரல், படுக்கையருகே போனதும் எங்கே ஓடி ஒளிந்ததோ தெரியவில்லை. எட்டுப் பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். சக்கர மேசையில் கேஸ் ஷீட்டுகள். "ஃபார்மசி ஏதாவது சொல்லணுமா?" என்று யாரோ கேட்டார்கள். அவளுக்குச் சொல்ல இருந்தது. ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டது.

படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடி இருந்தா பேச்சு வருது மேடம். இங்க கண்ணாடி இல்ல" என்றாள்.

"அப்போ என் கண்ணாடியைப் போட்டுக்கங்க" என்று சின்னவள் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். இருவரும் சிரித்த சிரிப்பில் மேலே ஏறி வந்த துப்புரவுப் பணியாளர் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, ஒரு அம்மாளுக்கு எழுதியிருந்த ஆன்டிபயாட்டிக்கின் அளவு சிறுநீரகத்துக்கு அதிகம் என்று சொன்னாள். குரல் கீச்சென்றுதான் வந்தது. டாக்டர் ஷீட்டைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், பேனாவை எடுத்து அடித்துவிட்டு அவள் சொன்ன அளவை எழுதினார். அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார். அவள் கழிப்பறைக்குள் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்குப் போன் போட்டாள்.

"எழுதிட்டாங்க! நான் சொன்னதை எழுதிட்டாங்க!"

மறுமுனையில் ஏதோ இரும்பு உரசும் சத்தம். "எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவுல கேபின் மேல நிக்கிறேன். இப்பவே குதிச்சுடுவேன் போலிருக்கு, அவ்வளவு சந்தோஷம். அப்புறம் பேசுறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. இதய வார்டில் இரண்டு மாதம், குழந்தைகள் வார்டில் இரண்டு மாதம். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். மகள் குறிப்பெழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். மருந்துப் பெயர்களை அவள் உச்சரிக்கிற அழகில் பாதி மருந்துகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டன.

ஐந்தாவது மாதம் மூளை அறுவை வார்டு. அதன் தலைமை டாக்டர் அம்மாள் சத்தமே போடமாட்டார். பஞ்சால் தடவுவது போலப் பேசுவார். அதனாலேயே எல்லோரும் நடுங்குவார்கள். குரல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து என்று அங்கே ஒரு கணக்கு.

ஆறாம் நம்பர் கட்டிலில் ஒரு கால்பந்து ரெஃப்ரி. ஐம்பத்தைந்து வயது, இன்னும் வயிறு விழாத உடம்பு. மைதானத்துப் படியில் சறுக்கி விழுந்து, மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வலிப்பு. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, பம்ப் வைத்து இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக உணவு ஏற்றினார்கள். அதே குழாயில் ஃபெனிடோயின் என்கிற வலிப்பு மருந்தும் போனது. மருந்தின் அளவு மட்டும் மிக அதிகம். அவள் வார்டுக்கு வந்த அன்றே சின்னவள் கேட்டாள்: "இவ்வளவு எதுக்குக் குடுக்கிறாங்க?"

அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "குழாய் வழியாப் போற உணவு இந்த மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும். பாதிக்கு மேல உடம்புல சேராது. அதனாலதான் ரெண்டு தடவை கூட்டியிருக்காங்க. இப்பதான் ரத்தத்துல சரியான அளவு வந்திருக்கு."

"பிரமாதம்" என்றாள் சின்னவள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு வாரத்தில் ரெஃப்ரி தேறினார். ஒரு வியாழக்கிழமை குழாயைக் கழற்றிவிட்டு வாயால் சாப்பிடச் சொன்னார்கள். அன்று வார்டில் ஏகப்பட்ட கூட்டம். புதிதாக ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். அவள் ஆறாம் நம்பர் ஷீட்டை எடுத்து, மருந்துப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு ஓட்டம் பார்த்து, 'அனைத்தும் வாய்வழி தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சின்னவளும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை ரவுண்ட்ஸில் ஆறாம் நம்பர் கட்டிலைச் சுற்றி ஒரே இறுக்கம். ரெஃப்ரிக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. எழுந்து நடந்தால் தள்ளாடுகிறார். பேச்சு குழறுகிறது. விடிகாலையில் இரண்டு முறை வாந்தி. அவருடைய மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஸ்கேனில் பழைய இடத்தில் மெல்லிய நிழல் போல ஒன்று. புது ரத்தக் கசிவா, பழைய வடுவா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"மறுபடி திறந்து பார்த்துடலாம்" என்றார் தலைமை டாக்டர். குரல் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. "பன்னண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர்ல இடம் சொல்லிடுங்க."

அப்போது இளைய டாக்டர் ஒருவர் ரெஃப்ரியின் கண்முன் பேனாவை இடமும் வலமுமாக நகர்த்தினார். பேனாவைத் தொடர்ந்து போன கண்கள் ஓரத்துக்குப் போனதும் நிற்காமல் வெடுக் வெடுக்கென்று துடித்தன. அவள் அதைப் பார்த்தாள்.

கண் துடிப்பு. தள்ளாட்டம். இரட்டைப் பார்வை. குழறல். பாடப் புத்தகத்தில் அதே வரிசையில் இருக்கும். குழாய் போய் நான்கு நாள் ஆகிறது. மருந்தைப் பிடித்து வைக்கக் குழாய் உணவு இல்லை. அந்தப் பெரிய அளவு இப்போது முழுசாக உடம்பில் சேர்ந்துகொண்டிருக்கிறது. காரணம் தெரிந்தவள் அவள். தெரிந்திருந்தும் 'தொடரலாம்' என்று எழுதியவளும் அவளேதான்.

கூட்டம் ஏழாம் நம்பருக்குத் திரும்பியது.

"மேடம், ஒரு நிமிஷம்."

எட்டுத் தலைகள் திரும்பின. இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. "இது ரத்தக் கசிவா இல்லாம இருக்கலாம். வலிப்பு மருந்து அதிகமாயிருக்கும்னு நினைக்கிறேன். குழாய் உணவு இருந்தப்போ மருந்து சரியாச் சேரலன்னு அளவைக் கூட்டினோம். வியாழக்கிழமை குழாயை எடுத்துட்டோம், அளவைக் குறைக்கல. அன்னிக்கு ஷீட்டைப் பார்த்துட்டு அப்படியே தொடரலாம்னு எழுதினது நான்தான். என் கையெழுத்து இருக்கு."

அவள் ஷீட்டை எடுத்து அந்தக் கையெழுத்தின்மேல் விரல் வைத்துக் காட்டினாள்.

"கீழ என்னோடதும் இருக்கு" என்றாள் சின்னவள், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

தலைமை டாக்டர் ஷீட்டைப் புரட்டினார். எந்த முகபாவமும் இல்லை. "ரத்தத்துல அளவு பார்த்தா எத்தனை நேரத்துல தெரியும்?"

"லேப்ல சொன்னா ஒரு மணி நேரம். நானே எடுத்துட்டுப் போறேன்."

"இப்ப பத்து மணி. தியேட்டர் பன்னண்டுக்கு. போங்க."

நர்ஸ் ரத்தம் எடுத்த கையோடு அந்தச் சின்னக் குப்பியை வாங்கிக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் ஏழாவது மாடியில் நின்றது. லிஃப்ட்காரர் மனைவி லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடி, அறுபத்தாறு படி. லேப்காரர் பல்லிடுக்கில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, "அவசரம்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

"பன்னண்டு மணிக்கு ஒருத்தரோட மண்டையைத் திறக்கப்போறாங்க. திறக்கணுமா வேண்டாமான்னு உங்க மிஷின்தான் சொல்லணும்."

அவர் மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குப்பியை வாங்கிக்கொண்டார்.

அவள் அங்கேயே நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தான் சொன்னது தப்பாக இருந்தால்? ரத்தக் கசிவாகவே இருந்து, அவள் பேச்சால் அறுவை தள்ளிப்போனால்? பத்தே முக்கால். பதினொன்று. பயமும் அதற்கு நடுவே என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு துடிப்புமாக, தேர்வு முடிவு பார்க்கப் போன சின்னப் பெண் போல நின்றாள். பதினொன்று ஐந்துக்குத் திரையில் எண் வந்தது. பத்திலிருந்து இருபதுக்குள் இருக்கவேண்டியது முப்பத்திரண்டு.

போன் போட்டே சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவேயில்லை. தாளை உருவிக்கொண்டு அறுபத்தாறு படியும் மேலே ஓடினாள்.

தலைமை டாக்டர் எண்ணைப் பார்த்தார். "தியேட்டர் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார். "மருந்தை நிறுத்துங்க. தினமும் அளவு பாருங்க. எப்ப திரும்ப ஆரம்பிக்கணும், எவ்வளவுன்னு" (இங்கே அவளை நிமிர்ந்து பார்த்தார்) "இவங்க சொல்வாங்க." குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அந்த வார்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

அந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. நான்கு நாளும் அவள் காலையில் வந்ததும் முதலில் ஆறாம் நம்பருக்குத்தான் போனாள். பேனாவை இடமும் வலமும் நகர்த்திப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை கண்கள் பேனாவைத் தொடர்ந்து போய் ஓரத்தில் அசையாமல் நின்றன. ரெஃப்ரி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இப்ப உங்களை ஒருத்தராத்தான் தெரியுது" என்றார். "திங்கட்கிழமை ரெண்டு பேரா வந்தீங்க."

அவருக்கும் மனைவிக்கும் நடந்ததை முழுக்கச் சொல்லவேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. விதி இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையும் மழுப்பாமல், எங்கே சறுக்கியது, யார் எழுதியது, என்ன ஆகியிருக்கும் என்று சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

மனைவியின் முகம் கறுத்தது. "இன்னொரு தடவை மண்டையைத் திறந்திருப்பாங்களா?"

"ஆமாம்மா. திறந்திருப்பாங்க."

அந்த அம்மாள் கணவரின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். ரெஃப்ரி கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். "அந்தப் பையை எடு." விழுந்த அன்று மைதானத்திலிருந்து அப்படியே வந்த பை. சைடு ஜிப்பைத் திறந்து விரலால் துழாவினார். எச்சரிக்கை காட்டும் மஞ்சள் அட்டை ஒன்றை உருவி, இருபது வருடப் பழக்கத்தில் கை விறைப்பாக, அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"தப்பு தப்புதான். ஆனா நீங்களே ஒத்துக்கிட்டீங்க. முப்பது வயசுப் பசங்க பந்தைக் கையால தொட்டுட்டு, தொடவே இல்லன்னு என் முகத்துக்கு நேரா சத்தியம் பண்ணுவானுங்க. அதனால மஞ்சளோட விடுறேன்."

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

பிறகு டீ குடிக்கப் போனபோது, "நான் ரெண்டாவது பார்க்கவேண்டியவ. நானும் பார்க்கல அக்கா" என்றாள் சின்னவள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இருவரும் அங்கேயே ஒரு தாளை எடுத்தார்கள். குழாயைக் கழற்றுகிற அன்று எந்தெந்த மருந்தின் அளவை மறுபடி பார்க்கவேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். டீக்கறை படிந்த அந்தத் தாள் ஏழெட்டுத் திருத்தங்களுக்குப் பிறகு வார்டுச் சுவரில் ஏறியது. அடுத்த மாதம் மற்ற வார்டுகளும் கேட்டு வாங்கிக்கொண்டன.

வருடக் கடைசியில் நான்கு ரெசிடென்ட்களும் ஆஸ்பத்திரி முழுக்கக் கூடியிருக்கும் அரங்கில் ஆளுக்கு இருபது நிமிடம் பேசவேண்டும். மற்ற மூவரும் பெரிய ஆராய்ச்சிகளை எடுத்தார்கள். அவள் ஆறாம் நம்பர் கட்டிலை எடுத்தாள். திரையில் வந்த முதல் படமே அவள் கையெழுத்துதான். கணவர் அன்று நகத்தைச் சுத்தமாகத் தேய்த்துக்கொண்டு வந்து, மகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக் வேலை செய்யவில்லை. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அந்தக் குரலுக்கு மைக் எதற்கு?

பேசி முடித்து வெளியே வந்து ஒரு டீயை வாங்கினாள். குடிக்க விடவில்லை. அவளை அதுவரை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்திராத ஒரு மூத்த டாக்டர் வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு. பத்து வருஷம் இருக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பின்னால் ஒரு நர்ஸ் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். மகள் வந்து கையைப் பிடித்து, "அம்மா, போலாமா?" என்றாள்.

"இரு கண்ணு, இவங்க சொல்லிடட்டும்."

மூளை அறுவை வார்டுக்கென்று தனியாக ஒரு மருந்தாளுநர் வேண்டும் என்று தலைமை டாக்டர் எழுதிக் கேட்டிருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி அவளுக்கு அந்த வேலையின் உத்தரவு வந்தது. அக்கா போன் செய்து, "அந்த ரெசிடென்சின்னு சொன்னியே, அதுக்கு வயசு வரம்பு ஏதாவது இருக்கா? என் நாத்தனார் ஒருத்தி, முப்பத்தேழு வயசு, கேக்கிறா" என்றாள்.

"நாளைக்கே வந்து என்னைப் பார்க்கச் சொல்லுக்கா" என்றாள் அவள். "சாயங்காலமா வரச் சொல்லு. காலையில நான் ரவுண்ட்ஸ்ல இருப்பேன்."